பறவைக் காய்ச்சல்: தகவல் சொல்வது முதல் இழப்பீடு கைக்கு வருவது வரை, பண்ணையாளர் செய்யவேண்டியவை வரிசையாக

பறவைக் காய்ச்சல் உறுதியானால் அரசு கோழிகளை அழிக்கும், அழித்ததற்கு இழப்பீடும் தரும் என்பது பண்ணை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் எங்கே முடிவாகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விண்ணப்பம் எழுதும் நாளில் மாற்ற முடிவது மிகக் கொஞ்சம். கோழிகள் நன்றாக இருந்தபோது எழுதிய பதிவேடும், முதல் சந்தேகம் வந்த அன்று செய்த காரியங்களும்தான் தொகையைத் தீர்மானிக்கின்றன. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

விதிகள் நாடு முழுவதற்கும் பொது. அலுவலகப் பெயர்களைத் தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதியிருக்கிறேன். முட்டைக்கோழி, கறிக்கோழி, நாட்டுக்கோழி, வாத்து, காடை எதுவானாலும் வரிசை இதுதான்.

1. எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை

அரசு அழிக்கும் பறவை, அரசு அழிக்கும் முட்டை, அரசு அழிக்கும் தீவனம். இந்த மூன்றுக்குத்தான் இழப்பீடு. நோயில் தானாகச் செத்த கோழிக்கு ஒரு பைசா கிடையாது. ஷெட் காலியாகக் கிடக்கும் மாதங்கள், கடனுக்கு ஓடும் வட்டி, சந்தையில் விழும் விலை எதுவும் கணக்கில் வராது.

இந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. செத்ததற்கும் பணம் உண்டு என்றால் யாரும் அவசரப்பட்டுத் தகவல் சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருப்பதற்கு மட்டும் என்றால், சீக்கிரம் சொன்னவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வீரியமான பறவைக் காய்ச்சல் சில நாட்களில் ஒரு ஷெட்டையே காலி செய்துவிடும். "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறவர் அந்த இரண்டு நாளில் செத்த கோழிகளின் பணத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

பணத்தை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதியாகப் போடுகின்றன. மத்தியப் பங்கு கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து வருகிறது. இரண்டு கஜானாக்கள் சம்பந்தப்பட்டிருப்பதால்தான் கணக்கில் ஒரு எண் பிசகினாலும் கோப்பு நின்றுவிடுகிறது.

இராணிக்கெட், அதாவது வெள்ளைக் கழிச்சல், வேறு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் அதுவும் இருக்கிறது. கம்போரோ, மாரெக் என்ற மற்றக் கோழி நோய்களும்கூட இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு அரசின் உதவி தடுப்பூசியாகத்தான் வரும். இராணிப்பேட்டையில் உள்ள அரசு நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரியில் கிராமங்களில் இரு வார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறார்கள். இராணிக்கெட்டில் கோழி செத்துவிட்டு, "பறவைக் காய்ச்சலுக்குத் தருகிற மாதிரி தாருங்கள்" என்று மனு எழுதுவது வீண் அலைச்சல்.

இன்னொன்று. வீரியமான பறவைக் காய்ச்சலுக்கு இந்தியாவில் பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. அனுமதி இருப்பது எச்9என்2 என்ற வீரியம் குறைந்த வகைக்கு. "எல்லா பறவைக் காய்ச்சலுக்கும் ஊசி இருக்கிறது" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

2. கோழி நன்றாக இருக்கும்போதே தயாராக வேண்டிய காகிதங்கள்

முதல் காகிதம் பண்ணைப் பதிவு. ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் நோய் வந்து பெரிய அளவில் கோழிகள் அழிக்கப்பட்டது 2025 பிப்ரவரியில். அந்த ஏப்ரலில் மத்திய கால்நடைத் துறை, எல்லாக் கோழிப்பண்ணைகளும் மாநிலக் கால்நடைத் துறையில் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தது. இன்னும் செய்யாதவர்கள் உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேளுங்கள். பதிவு இல்லாத பண்ணையை "இங்கே இத்தனை கோழி இருந்தது" என்று அதிகாரி எதைக் காட்டி எழுதுவார்?

இரண்டாவது, தினப் பதிவேடு. இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் முப்பது நாளையும் நிரப்பிய நோட்டைப் பார்த்ததும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். அன்றன்று, ஷெட் வாரியாக எழுத வேண்டும். ஒரு நாளின் பதிவு இப்படி இருந்தால் போதும்:

ஷெட் 2, வயது 34 வாரம். காலை இருப்பு 4,812. இறப்பு 9. கழித்தது (நலிந்ததென்று கூட்டத்திலிருந்து நீக்கியது) 3. மாலை இருப்பு 4,800. முட்டை 4,290, அதாவது 143 அட்டை. தீவனம் 530 கிலோ. வெளி வண்டி: முட்டை லாரி, காலை 11 மணி. கையெழுத்து.

இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் வேலை இருக்கிறது. மாலை இருப்பு இழப்பீட்டுக்கு அடிப்படை. இறப்பு எண் நோய் எப்போது தொடங்கியது என்று காட்டும். தீவனமும் முட்டையும் இருப்பு எண்ணுக்குச் சாட்சி: 4,800 கோழி என்று எழுதிவிட்டு 200 கிலோ தீவனம் போட்டதாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். வெளி வண்டி விவரம் நோய் எங்கிருந்து வந்தது, எங்கே போயிருக்கலாம் என்று துப்புத் துலக்க உதவும்.

மூன்றாவது, குஞ்சு வாங்கிய பில். இழப்பீட்டு விகிதம் பறவையின் இனத்தையும் வயதையும் பொறுத்தது. கேரளத்தில் ஆலப்புழை வாத்து விவசாயிகளுக்கு அந்த அரசு அறிவித்த விகிதம், 60 நாளைத் தாண்டிய பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய். 58 நாளா 62 நாளா என்ற சந்தேகத்தில் பாதிப் பணம் போய்விடும். அதைத் தீர்ப்பது குஞ்சு பொரிப்பகத்தின் பில்லில் உள்ள தேதி மட்டும்தான். இங்கே என்ன விகிதம் நடப்பில் இருக்கிறது என்பதைக் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது திருத்துகிறார்கள்.

நான்காவது, கம்பெனிக்கு வளர்த்துத் தரும் கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கு. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, ஷெட்டும் உழைப்பும் உங்களுடையவை. அழிக்கும்போது இழப்பீடு பறவையின் பெயரில் வருகிறது. அப்படியானால் வளர்ப்புக் கூலி என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கும் முன் எழுதி வாங்குங்கள். நோய் வந்தபிறகு கேட்டால் யாரும் எழுதித் தர மாட்டார்கள். இந்த இடத்தில் சிறு வளர்ப்பாளர்கள் படும் நஷ்டம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஒரே ஒரு வரியில் தடுத்திருக்கக்கூடியது.

வங்கிக் கணக்கு, ஆதார், நில ஆவணம் அல்லது குத்தகைப் பத்திரம்: இவற்றில் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பதிவு அப்பா பெயரில், கணக்கு மகன் பெயரில் என்று இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள்.

3. சந்தேகம் வந்த அன்று, முதல் சில மணி நேரம்

என்ன பார்த்தால் சந்தேகப்படுவது? இறப்பு திடீரென்று பல மடங்காவது, கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலையும் முகமும் வீங்குவது, காலில் சிவந்த ரத்தக் கசிவுத் திட்டு, முட்டை சட்டென்று குறைவது, கோழி தீவனத்தைத் தொடாமல் ஒடுங்கி நிற்பது. சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் காலையில் வரிசையாகச் செத்துக் கிடக்கும். வாத்துகளில் நோய் வெளியே தெரியாமலும் இருக்கலாம், அதனால் வாத்தும் கோழியும் சேர்த்து வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இராணிக்கெட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை ஆய்வகம் சொல்லட்டும்.

முதல் வேலை, கேட்டைப் பூட்டுவது. முட்டை லாரி, தீவன வண்டி, கழிவுக்கோழி வாங்க வருபவர், எரு ஏற்றும் டிராக்டர், எதுவும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம். பாதித்த ஷெட்டில் வேலை செய்கிறவர் அந்த ஷெட்டோடு நிற்கட்டும்.

இரண்டாவது வேலை, செத்த கோழிகளைத் தொடாமல் இருப்பது. தொட்டே ஆக வேண்டும் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, கோணிப்பையில் அல்லாமல் கசியாத பிளாஸ்டிக் பையில் கட்டி, நாய் காக்கை அண்டாத இடத்தில் வையுங்கள். அறுத்துப் பார்க்கவே கூடாது. ஈரல் எப்படி இருக்கிறது என்று பண்ணையிலேயே கத்தி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் அது ஆபத்து.

மூன்றாவது, எண்ணுங்கள். அந்த நிமிடத்தில் ஒவ்வொரு ஷெட்டிலும் உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை என்று பதிவேட்டில் நேரத்தோடு எழுதி, ஷெட்டையும் பதிவேட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு, நன்றாக இருக்கும் கோழிகளை அவசரமாக விற்றுவிடுவது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டால் நஷ்டம் குறையும் என்று தோன்றும். அந்தக் கோழி போகும் சந்தை வழியாக நோய் பத்து ஊருக்குப் போகும், உங்கள் பதிவேட்டு இருப்பும் நிஜ இருப்பும் ஒத்துப்போகாது, சட்டப்படியும் குற்றம்.

4. யாரிடம், எப்படித் தகவல் சொல்வது

2009 சட்டத்தின் 4ஆம் பிரிவு, அட்டவணையில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே தகவல் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும், அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள வழி.

நடைமுறையில் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். கால்நடை உதவி மருத்துவருக்கு போன். அவர் எடுக்கவில்லையென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண். அப்புறம் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் ஒரு தகவல். நீங்களே நேரில் போகாதீர்கள். பண்ணையிலிருந்து வருகிறவரின் செருப்பும் வண்டிச் சக்கரமும் நோயைச் சுமக்கும். வாட்ஸ்அப்பில் கடிதத்தின் படம் அனுப்பினால் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும்.

கடிதத்தில் நான்கு வரி போதும்: பண்ணையின் பெயரும் பதிவு எண்ணும் இடமும், எந்த இனம், எத்தனை பறவை, எந்தத் தேதியிலிருந்து எத்தனை இறந்தன, என்ன அறிகுறி. "பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது" என்று நீங்களே முடிவு கட்டி எழுத வேண்டாம். "சந்தேகம், ஆய்வு செய்யக் கோருகிறேன்" என்று எழுதுங்கள்.

எழுத்தில் கேட்பதற்குக் காரணம்: பின்னால் செத்த கோழிகளின் எண்ணிக்கை பற்றிக் கேள்வி வந்தால், தகவல் சொன்ன நேரத்தில் உயிரோடு இவ்வளவு இருந்தன என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி இது ஒன்றுதான்.

5. மாதிரி எடுப்பதும் காத்திருப்பதும்

மாதிரியைத் துறை மருத்துவர்தான் எடுப்பார்: தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் துடைத்தெடுத்த பஞ்சு, ரத்தம், புதிதாகச் செத்த கோழி. எல்லாம் மூன்றடுக்கு உறையில் ஐஸோடு போகும். உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம். தனியார் ஆய்வகத்துக்கு நீங்களாகக் கோழியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

முடிவு உங்களுக்கு நேராக வராது. போபாலிலிருந்து மத்தியத் துறைக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும், மாவட்டத்துக்கும் வரும். உள்ளூர் மருத்துவர் "எனக்கே இன்னும் தெரியாது" என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும், அவரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

இந்தக் காத்திருப்பு நாட்களில் பதிவேட்டை விடாதீர்கள். காலையும் மாலையும் எண்ணுங்கள். முட்டையை விற்க முடியாது, ஆனால் சேரும் முட்டையை அட்டையில் அடுக்கித் தேதி போட்டு வையுங்கள். தூக்கிக் குப்பையில் கொட்டிவிட்டால் அதற்கு இழப்பீடு கேட்க வழியில்லை.

6. உறுதியானபின் வட்டம் போடுவது

நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை பாதிப்பு மண்டலம். அதற்குள் உள்ள பண்ணைக் கோழி, வீட்டுக்கோழி, வாத்து எல்லாம் அழிக்கப்படும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 1 முதல் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மண்டலம். அங்கே அழிக்க மாட்டார்கள். மாதிரி எடுப்பார்கள், போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என் கோழிக்கு நோயே இல்லை, ஏன் கொல்ல வேண்டும்?" வெளியே தெரியும் முன்பே வைரஸ் பரவியிருக்கும் என்பதுதான் பதில். அவர்களுக்கும் அதே இழப்பீடு உண்டு. கண்காணிப்பு மண்டலத்தில் இருப்பவர்களுக்கோ விற்க முடியாத நாட்களுக்கு எந்தத் தொகையும் இல்லை. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். அவர்கள் செய்யக்கூடியது, வண்டி அனுமதிக்கு மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் சீக்கிரம் எழுத்தில் கேட்பது.

7. அழிக்கும் நாள்

பாதுகாப்பு உடையோடு துறைக் குழு வரும். நீங்களும் உங்கள் வேலையாட்களும் சுகாதாரத் துறையின் பரிசோதனைக்கு ஒத்துழையுங்கள்; வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்தால் சொன்னபடி முடியுங்கள். காய்ச்சல் வந்தால் கோழிகளோடு இருந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

குழிக்கான இடத்தை முன்பே யோசித்து வைத்தால் நேரம் மிச்சமாகும். கிணறு, ஓடை, வாய்க்கால் ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஜேசிபி வரக்கூடிய இடம், கூடுமானவரை பண்ணைக்குள்ளேயே. வெளியே எடுத்துப் போனால் வழியெல்லாம் இறகும் எச்சமும் சிந்தும். சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள்.

உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும் நேரம் எண்ணும் நேரம். கோழி கூண்டை விட்டு வெளியே வரும் முன் எண்ண வேண்டும். குழிக்குள் போனபின் யாராலும் எண்ண முடியாது. ஷெட் வாரியாக, வரிசை வாரியாக எண்ணச் சொல்லுங்கள். உங்கள் பதிவேட்டை மேஜையில் திறந்து வைத்து, அவர்கள் எண்ணும் ஒவ்வொரு ஷெட்டுக்கும் பக்கத்தில் டிக் போடுங்கள். வயதுப் பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். முட்டையை அட்டைக் கணக்கில், தீவனத்தை எடை போட்டு எழுத வேண்டும். சொந்தமாகத் தீவனம் கலக்கும் பண்ணைகளில் கலந்த தீவனம் எவ்வளவு, மூட்டையில் இருக்கும் மக்காச்சோளமும் சோயாவும் எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மொத்தமாக "தீவனம்" என்று எழுதினால் பிறகு கேள்வி வரும்.

மகசரில், அதாவது எண்ணி அழித்ததை அதிகாரிகள் அங்கேயே எழுதும் பதிவில், கையெழுத்துப் போடும் முன் கூட்டிப் பாருங்கள். எண் ஒத்துப்போகவில்லையென்றால் சண்டை வேண்டாம், "என் பதிவேட்டின்படி இவ்வளவு" என்று அதே காகிதத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் வாங்காமல் அவர்களை அனுப்பாதீர்கள். அன்று எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள், உங்களுக்கு மனசே இருக்காது, "நாளைக்குத் தருகிறேன்" என்பார்கள். குறைந்தது போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

8. பணம் வரும் வழி

மகசர், பதிவுச் சான்று, வங்கிப் புத்தக நகல், ஆதார், குஞ்சு பில், பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் ஒரே கட்டாக உதவி மருத்துவர் வழியாகக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அது கோட்ட உதவி இயக்குநர், மண்டல இணை இயக்குநர் என்று மேலே போகும். தொகை உங்கள் கணக்குக்கு வரும். யாராவது ரொக்கமாகக் கமிஷன் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

தாமதம் ஏற்படுவதும் இங்கேதான். மத்தியப் பங்கு, மாநிலம் அனுப்பும் கணக்கின் பேரில் வருகிறது. ஒரு மாவட்டத்தில் நூறு பேரின் கணக்கில் இருபது பேருடையது குறையாக இருந்தால் மொத்தமும் காத்திருக்க நேரும். அதனால் உங்கள் கட்டு மட்டும் சரியாக இருந்தால் போதாது. அதே வட்டத்தில் உள்ள புறக்கடைக் கோழி வளர்க்கும் அக்காமார்களின் கணக்குகளையும் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பத்துக் கோழி வைத்திருப்பவருக்கும் இழப்பீடு உண்டு. அவர்களிடம் பதிவேடு இருக்காது. எண்ணும்போது கூடவே நின்று எழுதிக்கொடுக்கும் ஒருவர் இருந்தாலே போதும்.

9. சுத்தம், சான்று, மறுபடி குஞ்சு இறக்குவது

முதலில் எருவை அள்ளுங்கள், அப்புறம் கழுவுங்கள், காயவிடுங்கள், கடைசியில் கிருமிநாசினி. வரிசை மாறினால் மருந்து வீண்: எச்சமும் தூசியும் ஒட்டியிருக்கும் தரையில் மருந்து வைரஸைத் தொடவே தொடாது. தண்ணீர்க் குழாய், கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள், தீவனச் சேமிப்புக் கலன், முட்டை அட்டை, வண்டி டயர் ஆகியவை அடிக்கடி விட்டுப்போகிறவை. காகித அட்டைகளைக் கழுவ முடியாது, எரித்துவிடுங்கள்.

பிறகு துறை பார்வையிட்டுத் துப்புரவுச் சான்று தரும். அதற்குப் பின்னும் கண்காணிப்புக் காலம் உண்டு; சுமார் 3 மாதம் கோழி இல்லாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கடன் தவணையைப் பற்றி வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். அழிப்பு ஆணையின் நகலைக் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

எழுத்தில் அனுமதி வராமல் குஞ்சு இறக்காதீர்கள். வாய்மொழியாக "சரி, விடலாம்" என்றதை நம்பி இறக்கிய பேட்சில் மறுபடி நோய் வந்தால் இழப்பீடு கேட்கும் நிலையிலேயே நீங்கள் இருக்க மாட்டீர்கள். அனுமதி வந்ததும் எல்லா ஷெட்டையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். ஒரு ஷெட்டில் கொஞ்சம் பறவைகளை விட்டு மூன்று வாரம் பாருங்கள், மருத்துவரிடம் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். புதுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு, குஞ்சு பில்லை அங்கேயே ஒட்டிவையுங்கள்.